அருளானந்தர் நாடகத்தில் பேசாத பெண்கள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 4ஆம் நாள் நம் பள்ளியில் புனித அருளானந்தர் திருநாள் கொண்டாடப்படுவது யாவரும் அறிந்ததே. காலையில் திருப்பலி, மதியம் இனிப்பு, மாலையில் நாடகம். நாடகத்துக்கு வேடம் பிரித்துக் கொடுக்கும் நாள் வந்துவிட்டால் எங்கள் வகுப்பில் ஒரே அமளிதான். அருளானந்தர் வேடத்தில் தொடங்கி, ஈட்டி பிடித்துச் சும்மா நிற்கும் காவலன் வேடம் வரை போட்டி. (அருளானந்தரின் தாடி பஞ்சில் செய்தது. ஒட்டிய பசையில் மூன்று நாள் கன்னம் எரியும். அதற்காக இதுவரை எவளும் பின்வாங்கியதில்லை.) ஆனால் ஒரே ஒரு வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அது கடலாயி வேடம்.

“வேண்டாம் சிஸ்டர், அவள் கெட்டவள்” என்று ஒவ்வொருத்தியும் நழுவினாள். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தி தலையில் அது விழுந்தது. அவள் மிக நன்றாகவே நடித்தாள். எவ்வளவு நன்றாக என்றால், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் “பொல்லாதவள்! பொல்லாதவள்!” என்று கத்தினார்கள். நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் முகத்துப் பவுடரைக் கழுவிக்கொண்டே அவள் எங்களைக் கேட்டாள்: “ஏன்டி, நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? என் வீட்டுக்காரர் என்னைப் போ என்றார். நான் போய் என் சொந்தக்காரரிடம் சொன்னேன். அவ்வளவுதானே?”

நாங்கள் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் பல நாள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். புனிதரைக் குறைத்துப் பேச எங்களுக்கு எண்ணமில்லை என்பதை மதர் அவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முதலிலேயே சொல்லிக்கொள்கிறோம்.

அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் பிறந்தார். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரும் பிரபு. மன்னரால் ஆளுநராகப் பிரேசிலுக்கு அனுப்பப்பட்டவர், அங்கேயே இறந்துபோனார். சிறு பிள்ளையான ஜான் அரண்மனையில் அரச குமாரர்களோடு வளர்ந்தார். அவர்களில் பேதுரு என்னும் இளவரசர் அவருக்கு ஏறக்குறைய ஒத்த வயது, உற்ற தோழர். இந்தப் பேதுருதான் பின்னாளில் இரண்டாம் பேதுரு என்ற பெயரில் அந்நாட்டை ஆண்டவர். பட்டுடை, குதிரை, வாள், ஏவலாளர் என்று எதிலும் குறைவில்லை. தோழர் அரசரானால் தாம் என்ன ஆகலாம் என்பதை அந்தப் பையன் அறியாமலா இருந்திருப்பார்?

அவருக்குப் பதினோரு வயதளவில் கொடிய நோய் வந்தது. மருத்துவர்கள் கைவிட்டார்கள். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: மகன் பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் கறுப்பு அங்கியை அவனுக்கு உடுத்துவேன் என்று. மகன் பிழைத்தார். நேர்ச்சை நிறைவேறிற்று. பட்டுக்கும் சரிகைக்கும் நடுவே, சின்னஞ்சிறு கறுப்பு அங்கியோடு ஒரு பையன் அரண்மனையில் நடமாடினார். சுற்றியிருந்தவர்கள் அவரைச் சின்ன அப்போஸ்தலர் என்று கூப்பிட்டார்களாம். ஓராண்டு கழிந்ததும் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று அந்தத் தாய் நினைத்திருப்பார்!

முடியவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பரில் ஜான் உண்மையாகவே இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. எங்கள் வயது. நாங்கள் அரைப்பரீட்சை மதிப்பெண்ணுக்காக அழுதுகொண்டிருக்கும் வயதில் ஒரு பையன் அரண்மனையை விட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

பத்தாண்டு படிப்புக்குப் பிறகு 1673இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இங்கேதான் எங்கள் நாடகத்தில் ஒரு காட்சி குறைகிறது. அவர் இந்தியா போகப்போகிறார் என்று அறிந்த தாய், அரண்மனையில் தமக்கிருந்த செல்வாக்கையெல்லாம் திரட்டி அதைத் தடுக்கப் பார்த்தார். திருத்தந்தையின் தூதரிடமே முறையிட்டார். தம்மைத் துறவுக்கு அழைத்த இறைவனே இப்போது இந்தியாவுக்கும் அழைக்கிறார் என்று மகன் உறுதியாக நின்றதால்தான் அவருடைய முயற்சி பலிக்கவில்லை. எங்கள் நாடகத்திலோ தாய் முதல் காட்சியில் நோயாளி மகனுக்காக ஜெபிக்கிறார், கடைசிக் காட்சியில் வெள்ளைப் புடவையில் வந்து இறைவனுக்கு நன்றி சொல்கிறார். நடுவில் அவர் பட்ட பாடு எதுவும் மேடைக்கு வருவதில்லை.

நிற்க. கோவாவில் கரையிறங்கிய பிறகு அருளானந்தர் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே, 1606இல், இத்தாலியப் பிரபு குலத்தவரான தத்துவ போதகர் எனும் தெ நோபிலி மதுரைக்கு வந்து, பிராமண சந்நியாசி போல் வாழ்ந்து வேதம் போதித்திருந்தார். ஆனால் அந்தக் கோலத்தில் இருப்பவர் எளிய மக்களோடு தாராளமாகப் பழக முடியாது. எனவே பின்வந்த குருக்களில் சிலர் பண்டாரசாமிகளாக வாழத் தொடங்கினார்கள். பண்டாரசாமி எல்லாக் குலத்தாரோடும் பேசலாம். அருளானந்தர் தேர்ந்துகொண்ட வழி அதுதான். காவி உடை, தலைப்பாகை, காலில் பாதக்குறடு, கையில் தண்டு. இறைச்சி இல்லை, மீன் இல்லை, மது இல்லை. சோறும் கீரையும் கிழங்கும் மோரும்தான். அரச குமாரரோடு ஒரே மேசையில் விருந்துண்ட கை மண்சட்டியில் சோறு பிசைந்தது. தமிழ் கற்றுத் தமிழில் போதித்தார். செஞ்சி, தஞ்சை, மதுரை, மறவர் நாடு என்று போர்களும் பஞ்சமும் அலைக்கழித்த நிலப்பரப்பில் கால்நடையாகவே திரிந்தார். உபதேசியார்கள் முன்னால் போய் மக்களைத் திரட்டுவார்கள். இவர் பின்னால் போய், காட்டோரக் குடிசையில் தங்கிப் பூசை வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஞானஸ்நானம் கொடுத்து, ஆபத்து வருமுன் அடுத்த ஊருக்கு நகர்வார்.

1686இல் மறவர் நாட்டில் அவரும் உபதேசியார்களும் பிடிபட்டு, கட்டிவைத்து அடிக்கப்பட்டு, நீரில் அமுக்கப்பட்டு, வெயிலில் கொதிக்கும் பாறையில் கிடத்தப்பட்டார்கள். (உபதேசியார்களும் அடிபட்டார்கள் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு யாரும் திருநாள் கொண்டாடுவதில்லை.) பின்பு இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனபோது கிழவன் சேதுபதி அவர் சொன்னதைக் கேட்டு, இனி இங்கே போதிக்கக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார். சேதுபதி என்றாலே மீசை முறுக்கிய கொடுங்கோலன் என்று காட்டுகிறோமே, அவர்தான் முதல் முறை உயிரோடு அனுப்பியவர்.

அதன்பின் சபை அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1687இல் லிஸ்பன் திரும்பினார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தாய் மகனைக் கண்டார். போனவர் இளம் குரு, வந்தவர் வெயிலில் கறுத்து அடிபட்ட தழும்போடு வந்த பண்டாரசாமி. அங்கும் அவர் இறைச்சியைத் தொடாமல் கீரையும் காயுமே உண்டார் என்று எழுதுகிறார்கள். பழைய தோழர் பேதுரு இப்போது மன்னர். அரண்மனையிலேயே இருந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அருளானந்தர் இசையவில்லை. 1690இல் மறுபடியும் கப்பல். தாயை இரண்டாம் முறையாகவும், கடைசி முறையாகவும் விட்டுப் புறப்பட்டார். முதல் முறையைவிட இதுதான் கடினம் என்பது எங்கள் கருத்து. முதல் முறை போகும்போது போகும் இடம் எப்படிப்பட்டதென்று இருவருக்கும் தெரியாது. இம்முறை இருவருக்கும் தெரியும்.

இனிக் கடலாயிக்கு வருவோம்.

மறவர் நாட்டில் தடியத்தேவர் என்றொரு பெருந்தலைவர் இருந்தார். சேதுபதியின் அரியணைக்கு உரிமை கோரக்கூடிய வம்சத்தவர். அவருக்குத் தீராத நோய் வந்தபோது, உபதேசியார் ஒருவர் நற்செய்தியை வாசித்து ஜெபிக்க, நோய் நீங்கியது. நன்றிப் பெருக்கில் அவர் ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் உடனே கொடுத்துவிடவில்லை. தடியத்தேவருக்கு மனைவியர் ஐவர். கிறிஸ்தவருக்கு ஒரு மனைவிதான் இருக்கலாம் என்று சொன்னார். தேவர் வீட்டுக்குப் போய் மனைவியரை அழைத்து, மூத்தவளை மட்டும் மனைவியாக வைத்துக்கொள்வதாகவும், மற்றவர்களை உடன்பிறந்தாள் போல் எண்ணி எந்தக் குறையும் வராமல் காப்பாற்றுவதாகவும் சொன்னாராம். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, இருநூறு பேரோடு அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

ஐவரில் இளையவள் கடலாயி. சேதுபதிக்கு நெருங்கிய உறவுப்பெண். அவள் இராமநாதபுரம் சென்று முறையிட்டாள். ஜனவரி 8ஆம் நாள், அதாவது இரண்டே நாளில், அருளானந்தர் கைதானார். இராமநாதபுரம் கொண்டுபோகப்பட்டார். தண்டனையை அங்கே நிறைவேற்றாமல், சேதுபதியின் சகோதரர் ஆண்ட ஓரியூருக்கு அனுப்பினார்கள். சிறையில் பேனா இல்லாமல், கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தொட்டுத் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார் என்பர். பிப்ரவரி 4ஆம் நாள், அது சாம்பல் புதன், பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது நாற்பத்தாறு நிறைய இன்னும் சில வாரங்களே இருந்தன.

எங்கள் நாடகத்தில் கடலாயி தலைவிரி கோலமாக ஓடிவந்து, “பழி வாங்குவேன்!” என்று அலறுவாள். அதுதான் அவளுக்குள்ள ஒரே வசனம். மற்ற மூன்று பேருக்கு அதுவும் இல்லை, அவர்கள் மேடைக்கே வருவதில்லை. இந்த மூவரின் பெயர் என்ன, எங்கே போனார்கள் என்று நாங்கள் படித்த சரித்திரங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கதையை எழுதி வைத்தவர்கள் அருளானந்தரின் உடன்குருக்கள். அந்த வீட்டுப் பெண்கள் எழுதிய ஒரு வரிகூட எங்கள் கைக்கு வரவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். உடன்பிறந்தாள் போல் வைத்துக்கொள்வேன் என்று ஒரு கணவன் சொன்னால், சோற்றுக்கும் துணிக்கும் குறைவிருக்காது, சரி. மறுநாள் காலையில் கிணற்றடியில் மற்றப் பெண்கள் பார்க்கும் பார்வைக்கு என்ன செய்வது? தேவர் குறிப்பிட்ட நாளில் நான்கு பெண்கள் எந்தத் தவறும் செய்யாமல் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, ஐவரில் ஒருத்தியாகக் கட்டிக்கொடுத்தபோதும் கேட்டிருக்க மாட்டார்கள். மூத்தவளுக்குத்தான் அன்று எப்படி இருந்திருக்கும்? சக்களத்தியர் நால்வரும் ஒரே நாளில் ஒதுங்கினார்கள் என்று மகிழ்ந்தாளா, இத்தனை வருடம் ஒன்றாக உலை வைத்தவர்களைப் பார்த்து அழுதாளா? அதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். “அப்படியானால் ஐந்து பேரையும் வைத்துக்கொண்டே ஞானஸ்நானம் கொடுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா?” என்றாள். இல்லை. அருளானந்தர் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். பெரிய தலைவர் கிறிஸ்தவராகிறார், சலுகை காட்டுவோம் என்று அவர் வளைந்திருந்தால் தலை தப்பியிருக்கும். பணக்காரனுக்கு ஒரு வேதம், ஏழைக்கு ஒரு வேதம் என்றும் ஆகியிருக்கும். அவர் கேட்டது பெண்களுக்கு விரோதமான காரியமும் அன்று. ஐந்தில் ஒருத்தியாக வாழ எங்களில் எவள் சம்மதிப்பாள்? மனைவி இருக்க மறுமணம் செல்லாது என்று இந்துத் திருமணச் சட்டம் 1955இல்தான் வந்தது. அதற்கு இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே, மறவர் நாட்டின் பெருந்தலைவர் ஒருவரின் முகத்துக்கு நேராக, ஒருவனுக்கு ஒருத்தி என்று சொல்ல ஒரு பரதேசிக்குத் துணிவு இருந்திருக்கிறது. அதை எண்ணி நாங்கள் பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையோடு கூடவே அந்த நான்கு பெண்களுக்காக வருத்தப்படவும் செய்கிறோம். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள முடியாதா என்ன?

இன்னொன்று. அருளானந்தரைக் கொன்றது கடலாயியின் கோபம் மட்டும்தானா? அக்காலத்தில் தலைவர்களின் திருமணம் என்பது இரண்டு வீடுகளின் உடன்படிக்கை. சேதுபதி வீட்டுப் பெண்ணை ஒதுக்குவது சேதுபதி வீட்டையே ஒதுக்குவது போல. அதைச் செய்தவரோ அரியணைக்குப் போட்டியாக வரக்கூடியவர். அவர் பின்னே கிறிஸ்தவ மக்கள் திரளுகிறார்கள். இத்தனை கணக்கும் சேதுபதி மனத்தில் ஓடியிருக்கும். கவனியுங்கள்: தடியத்தேவர்மேல் அவர் கைவைக்கவில்லை. படை உள்ளவரை விட்டுவிட்டு, தண்டு மட்டும் உள்ளவரைப் பிடித்தார். இத்தனையையும் மூடிவைத்துவிட்டு, அரச சபை, மந்திரிகள், அரியணைப் போட்டி எல்லாவற்றின் பழியையும் வீட்டை இழந்த ஓர் இளம்பெண் தலையில் சுமத்துவது நியாயமாகுமா?

இதெல்லாம் முந்நூறு வருடத்துக்கு முந்திய கதை, உங்களுக்கு என்ன வந்தது என்று பெற்றோர் கேட்கலாம். எங்களுக்கு வந்த காரியத்தையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி படிப்பு முடிந்ததும் கன்னியர் மடத்தில் சேரவேண்டும் என்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு அவள் ஒரே மகள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு அந்த அம்மா பள்ளிக்கு வந்து, பார்லரில் உட்கார்ந்து அழுதார்கள். துணைக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், “அருளானந்தரின் தாயைப் பார். மகன் செத்த செய்தி கேட்டுக் கறுப்புகூட உடுத்தாமல் திருநாள் உடை உடுத்திக் கோயிலுக்குப் போனாளே!” என்றார். அது உண்மைதான். செய்தி லிஸ்பனுக்கு எட்டியபோது மன்னர் பேதுரு நன்றி வழிபாடு நடத்தச் செய்தார், தாய் துக்க உடை அணியாமல் விழாக்கோலத்தில் வந்தார். ஆனால் அதைக் கேட்ட எங்கள் தோழியின் அம்மா இன்னும் அதிகமாக அழுதார்கள். “அவர்கள் பெரிய மனுஷி. எனக்கு அவ்வளவு மனசு இல்லை” என்றார்கள்.

நாடகத்துக்காக நாங்கள் அப்போதுதான் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருத்தி, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டே, “அம்மா, அவர்களும் முதலில் தடுத்துத்தான் பார்த்தார்கள். போப்பாண்டவரின் தூதர் வரை போனார்கள்” என்றாள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியா? அவளும் தடுத்தாளா?” என்றார்கள். அன்று முதன்முறையாக அவர்கள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மகளை அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்னும் இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விழா உடை உடுத்திய தாயை மட்டும் மேடையில் காட்டினால், அழுகிற தாய்மார்களுக்கு அங்கே இடமில்லை. அந்த உடைக்கும் முதல் பிரிவுக்கும் நடுவே இருபது ஆண்டுகள் இருந்தன.

அருளானந்தருக்கு 1853இல் முத்திப்பேறு பட்டமும், 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், நம் நாடு விடுதலையடைவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத வேளையில், புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. சென்ற ஆண்டு சுற்றுலாவில் நாங்கள் ஓரியூர் சென்றபோது, அங்குள்ள செம்மண்ணைப் பெண்கள் முந்தானை நுனியில் முடிந்துகொண்டு போவதைப் பார்த்தோம். நாங்களும் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தோம். பிள்ளைக்காக, புருஷனுக்காக, பிரிந்து கிடக்கும் குடும்பத்துக்காக என்று ஒவ்வொருத்தி கண்ணிலும் ஒரு வேண்டுதல். கடலாயி எப்போதாவது ஓரியூர்ப் பக்கம் வந்திருப்பாளா என்று எங்களில் ஒருத்தி பேருந்தில் திரும்பும்போது கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

நாடகத்தை மாற்றலாமா என்று சிஸ்டரிடம் கேட்டோம். திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “முதலில் எழுதிக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்” என்றார்கள். இரண்டு காட்சி எழுதியிருக்கிறோம். ஒன்றில் தாய் தூதர் முன் நிற்கிறார். இன்னொன்றில் ஐந்து பெண்களும் ஒரே முற்றத்தில் நிற்க, தடியத்தேவர் உள்ளே வருகிறார். அவர் பேசுவதை எழுதிவிட்டோம். அந்தப் பெண்கள் பேசவேண்டிய இடம்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது. நான்கு முறை எழுதி நான்கு முறை அடித்துவிட்டோம்.

அடுத்த பிப்ரவரியில் நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். ஆகவே நோட்டை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் கொடுத்துவிட்டோம். கடலாயி வேடத்துக்கு இப்போதே மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.